என்கிடியின் இரண்டாவது கேள்வி

தொடர் – 9

பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றதும் நமக்கு ஒரு ரயில் நிலையமும், நடைமேடையில் தள்ளிவிடப்பட்ட காந்தியும்தான் ஞாபகத்துக்கு வரும். அது 1893. அதற்கு முப்பது வருஷம் முன்பே அந்த ஊரில் எழுந்த ஒரு கேள்வி, இங்கிலாந்தின் பேராயர்களை வருஷக்கணக்கில் தூங்கவிடாமல் செய்தது. கேட்டவர் பெயர் வில்லியம் என்கிடி. (சென்னை சூப்பர் கிங்ஸுக்குப் பந்து வீசினாரே, லுங்கி என்கிடி, அவரும் அதே நேட்டால்காரர்தான். பெயர் ஒன்று என்பதற்கு மேல் உறவு தேட வேண்டாம்.)

என்கிடி ஜூலு இனத்தவர், கிறிஸ்தவர். நேட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் பேராயரான ஜான் வில்லியம் கொலென்சோவுக்கு மொழிபெயர்ப்பில் வலக்கை. 1855-இல் குடும்பத்தோடு வந்து குடியேறிய கொலென்சோ, ஊருக்கு வெளியே எகுகன்யேனி என்ற மிஷன் நிலையத்தை நிறுவி, பள்ளியும் அச்சுக்கூடமும் நடத்தினார். ஜூலு இலக்கணம், அகராதி, வேதாகம மொழிபெயர்ப்பு என்று ஓயாத வேலை. 1859-இல் ஜூலு அரசர் இம்பாண்டேயைப் பார்க்கக் கொலென்சோ போனபோது என்கிடியும் கூடப் போனார். அந்தப் பயணத்தைப் பற்றி என்கிடியும், பின்னாளில் பெயர்பெற்ற மகேமா ஃபூஸேயும், இன்னொரு இளைஞரும் தங்கள் மொழியில் எழுதிய குறிப்புகள் 1860-இல் அதே அச்சுக்கூடத்தில் புத்தகமாயின. ஆக என்கிடி வெறும் துபாஷி அல்ல, எழுதத் தெரிந்தவர். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இங்கிலாந்து அவரை அப்படிப் பார்க்கவில்லை என்பதுதான்.

ஆதியாகமத்தில் நோவாவின் பேழை வரும் பகுதியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது என்கிடி நிறுத்திக் கேட்டார்: இதெல்லாம் நிஜமா? குளிர்ப் பிரதேசத்து மிருகமும் வெயில் தேசத்து மிருகமும் ஜோடி ஜோடியாக வந்து ஒரே பேழைக்குள் ஏறினவா? சிங்கத்துக்கும் கழுகுக்கும் நோவா எதைத் தீனியாகப் போட்டார்? கொலென்சோவுக்கு அன்றைய நிலவியல் தெரியும். உலகம் முழுவதும் மூழ்கிய வெள்ளம் என்று ஒன்று நடந்திருக்காது என்பதும் தெரியும். தனக்கே நம்பிக்கையில்லாத ஒன்றை எதிரே இருப்பவரிடம் நம்பச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

பேராயர் ஆவதற்கு முன்பு கொலென்சோ கணக்குப் பாடநூல்கள் எழுதிப் பேர் வாங்கியவர். பழக்கம் விடுமா? கேள்வியைக் கணக்காக்கிவிட்டார். எகிப்திலிருந்து புறப்பட்ட ஆண்கள் 6 லட்சம் என்றால் மொத்த ஜனம் 20 லட்சத்துக்குக் குறையாது. இத்தனை பேரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் கூடினார்கள் என்றால் எப்படி நின்றிருப்பார்கள்? இப்படி அளந்து, பெருக்கி, வகுத்து 1862-இல் முதல் பாகத்தை லண்டனில் வெளியிட்டார். சபை கொந்தளித்தது. 1863-இல் கேப்டவுனில் விசாரணை நடந்து, பதவி நீக்கத் தீர்ப்பு வந்தது. 1865-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. 1866-இல் சபை அவரை விலக்கிவைத்தது. 1867-இல் உலகின் ஆங்கிலிக்கன் பேராயர்கள் முதன்முறையாக லாம்பெத் அரண்மனையில் கூடியதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். ஜூலுவை மாற்றப் போன பேராயரை ஜூலு மாற்றிவிட்டான் என்று லண்டனில் கேலி பேசிச் சிரித்தார்கள். கொலென்சோ தன் முன்னுரையில் என்கிடியின் பெயரைக்கூடப் போடவில்லை. சூதுவாது தெரியாத, ஆனாலும் புத்தியுள்ள ஒரு சுதேசி என்கிற தொனியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வரலாற்றுப் புத்தகங்கள் இந்தப் பேழைக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் வருகிறது. எஜமான் தன் அடிமையைக் கோலால் அடித்து, அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து பிறகு செத்தால் எஜமானுக்குத் தண்டனையில்லை. ஏனென்றால் அந்த அடிமை அவன் காசு. இந்த இடத்துக்கு வந்தபோது என்கிடியின் உள்ளம் கொதித்ததைக் கொலென்சோவே பதிவு செய்திருக்கிறார். இரக்கமுள்ள கடவுள் ஒரு மனிதனைக் காசு என்று சொல்வாரா என்பதுதான் என்கிடியின் கேள்வி.

முதல் கேள்வியை லண்டனில் எந்த அறிவியல் மாணவனும் கேட்டிருக்க முடியும். இரண்டாவது அப்படியல்ல. வெள்ளைக்காரர் பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த நேட்டாலில், நிலத்தின் சொந்தக்காரர்கள் கூலிகளாகிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கறுப்பு வாசகர் கேட்ட கேள்வி அது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் தமிழரும் தெலுங்கருமான ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மனிதன் காசாக இருந்த காலம்தான் அது. வசனம் உண்மையா என்பதோடு நிற்காமல், வசனம் நியாயமா என்று என்கிடி கேட்டார். சமூகத்தோடு பிணைந்த வேத வாசிப்பின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் ஐரோப்பாவின் தொழிற்பேட்டைகளையும் லத்தீன் அமெரிக்காவின் சேரிகளையும் காட்டுவார்கள். தப்பில்லை. நான் எகுகன்யேனியையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன். பேராயர் பதிவு செய்தாலும், அவருடைய கணக்குகளுக்குள் அந்த இரண்டாவது கேள்வி அடங்கவில்லை, அவ்வளவுதான்.

பெல்ஜியத்தின் ஜோசப் கார்டைனையும் பிரேசிலின் கார்லோஸ் மெஸ்டர்ஸையும் முந்தைய அத்தியாயங்களில் விரிவாகப் பார்த்துவிட்டோம். தொடர்ச்சிக்காக ஒரு வரி மட்டும். ஆலைத் தொழிலாளி இளைஞர்களுக்குக் கார்டைன் பழக்கிய ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்ற முறை, 1961-இல் போப் 23-ஆம் ஜானின் சுற்றுமடலில் இடம்பிடித்து உலகமெங்கும் பரவியது. பிரேசிலில் அது அடித்தளக் கிறிஸ்தவக் குழுக்களோடும் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் கல்வி முறையோடும் கலந்து, 1979-இல் செபி என்ற பைபிள் படிப்பு மையமாக உருவெடுத்தது. இந்த இரண்டு ஓடைகளும் தென்னாப்பிரிக்காவுக்குள் வந்து சேர்ந்தன. கார்டைனின் முறையைக் கொண்டுவந்தவர்கள் இளம் தொழிலாளர், மாணவர் இயக்கத்தினர். அவர்களோடு பல காலம் உழைத்த டொமினிக்கன் துறவி ஆல்பர்ட் நோலன், 1983-இல் தன் சபைக்கே உலகத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, நாட்டைவிட்டு வர முடியாது என்று பதவியை மறுத்தவர்.

வேறொரு ஓடையும் உண்டு, அது நம் ஊர்வரை வருகிறது. லும்கோ என்ற தென்னாப்பிரிக்கக் கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் லோபிங்கர், ஆஸ்வால்ட் ஹிர்மர் என்ற இரண்டு ஜெர்மானியக் குருக்கள், குரு வராத ஊர்களுக்கென்று ஏழு படிகளில் நற்செய்திப் பகிர்வு முறையை வகுத்தார்கள். வசனத்தை வாசி, மனதில் பட்ட சொல்லைத் திரும்பச் சொல், மௌனமாயிரு, பகிர்ந்துகொள் என்று போகும் முறை. தமிழ்நாட்டுப் பங்குகளில் அன்பியக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு இது கைவந்த பழக்கம். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆனால் 1980-களின் தென்னாப்பிரிக்காவில் மௌனமாக வாசித்துப் பகிர்ந்துகொள்வது மட்டும் போதவில்லை. காரணம், அங்கே பைபிள்தான் சிறைச்சுவர். ஆஃப்ரிக்கானர்களின் டச்சு சீர்திருத்த சபை, பாபேல் கோபுரக் கதையைக் காட்டி, இனங்கள் பிரிந்து வாழ்வது தேவ சித்தம் என்று 1974-லும் அறிக்கை ஏற்றது. அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதற்கு ரோமர் 13 எப்போதும் தயாராக இருந்தது. வெள்ளைக்காரன் வந்தபோது அவனிடம் பைபிளும் நம்மிடம் நிலமும் இருந்தது, கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத் திறந்தால் நிலம் அவனிடம், பைபிள் நம்மிடம் என்ற கசப்பான பேச்சு கறுப்பர் நகரியங்களில் சிறுபிள்ளைக்கும் தெரியும். 1985 செப்டம்பரில், அவசரநிலையின் நடுவே, சோவெட்டோவில் கூடிப் பேசியவர்கள் கைரோஸ் ஆவணத்தை வெளியிட்டார்கள். 150-க்கும் மேற்பட்டோர் கையெழுத்து. அரசின் இறையியல், சமரசம் பேசும் சபையின் இறையியல், இரண்டையும் அது கடுமையாகச் சாடியது.

பைபிள் யார் பக்கம் என்பதில் போராளிகளுக்குள்ளேயே சண்டை இருந்தது. ஆலன் பூசாக், காயீன்-ஆபேல் கதையை வைத்துப் பிரசங்கித்தார். காயீன் ஒடுக்குகிறவன், ஆபேல் ஒடுக்கப்பட்டவன். கேட்டவர்களுக்கு உடனே பிடிபட்டது. இதுமெலெங் மொசாலா விடவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்றார். காயீன் யார்? நிலத்தை உழுகிறவன். கதை முடிவில் நிலத்திலிருந்து துரத்தப்படுகிறவன். அரசர்களும் பெருநிலக்காரர்களும் உழவர்களின் நிலத்தைப் பிடுங்கிய காலத்தில், அந்தப் பிடுங்கலை நியாயப்படுத்த எழுந்த கதை இது. இதில் ஆபேலின் பக்கம் நின்றால் யாருடைய பக்கம் நிற்கிறோம் என்று கேட்டார். 1989-இல் வந்த அவருடைய புத்தகத்தின் வாதம் இதுதான்: பைபிள் முழுவதும் ஏழைகளின் குரல் அல்ல, அதற்குள்ளேயே ஆண்டவர்களும் அடங்கியவர்களும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். மொசாலாவின் காயீன் விளக்கம் சரியா என்பது தனி விவாதம், எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ஆனால் வசனத்தையே கூண்டில் ஏற்றிக் கேட்கும் துணிச்சல் என்கிடியிடம் இருந்ததுதான்.

இந்தச் சூழலில்தான் 1990-ஐ ஒட்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நேட்டால் பல்கலைக்கழகத்தின் இறையியல் துறையோடு சேர்ந்து, பைபிள் படிப்புக்கான நிறுவனம் ஒன்று உருவானது. ஜெரால்ட் வெஸ்ட், ஜொனாதன் டிரேப்பர் போன்ற பேராசிரியர்கள் அதில் முக்கியமானவர்கள். முன்மாதிரி, பிரேசிலின் செபி. ஊர் நிலவரமோ பயங்கரம். 1990 மார்ச் கடைசியில் பக்கத்து எடெண்டேல் பள்ளத்தாக்கிலும் மலைக் கிராமங்களிலும் ஜூலு அமைப்பான இன்காத்தாவுக்கும் நிறவெறியை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கும் நடந்த மோதலை இன்றும் ‘ஏழு நாள் யுத்தம்’ என்கிறார்கள். வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கொன்றவர்களும் செத்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பைபிளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனவர்கள். பேராசிரியர்களுக்குக் கௌரவமாகத் தள்ளி நின்று ஆராய வசதியில்லை.

அவர்கள் கண்டுபிடித்தது பெரிய தத்துவம் எதுவுமில்லை. யார் முதலில் பேசுவது என்பதை மாற்றினார்கள். வழக்கமான வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் போதகர் விளக்குவார், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள், கடைசியில் “யாருக்காவது சந்தேகம் உண்டா?” என்று ஒரு சம்பிரதாயம். இங்கே பகுதியைச் சத்தமாக வாசித்ததும் முதல் கேள்வி, “இது எதைப் பற்றியது?” யார் என்ன சொன்னாலும் சுவரில் ஒட்டிய சார்ட்டில் எழுதப்படும். படிக்காத கிழவி சொன்னதும் உபதேசியார் சொன்னதும் ஒரே அளவு எழுத்தில். அதற்குப் பிறகுதான், நடுவில், வசனத்தைக் கூர்ந்து படிக்க வைக்கும் கேள்விகள் வரும்: யார் யார் வருகிறார்கள், யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை. கேட்டால் மட்டும் அந்தக் காலத்துப் பின்னணித் தகவல். கடைசிக் கேள்விகள் மறுபடி ஊருக்கே திரும்பும்: இப்படி நம்மிடையே நடக்கிறதா, என்ன செய்யப் போகிறோம்? படித்தவருக்கு நடுவில் மட்டும்தான் இடம். ஏழைகளுக்காக வாசிப்பது அல்ல, அவர்களோடு வாசிப்பது என்று வெஸ்ட் இதை எழுதினார். அழைத்தால்தான் போவது என்ற கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள்.

இந்த முறை எப்படி வேலை செய்யும் என்பதற்கு 1996-இல் தொடங்கிய தாமார் வாசிப்பைச் சொன்னால் போதும். 2 சாமுவேல் 13, முதல் 22 வசனங்கள். பெரும்பாலான சபைகளின் ஞாயிறு வாசக அட்டவணையில் இந்தப் பகுதி வருவதேயில்லை. பிரசங்கமும் கேட்டிருக்க மாட்டோம். தாவீதின் மூத்த மகன் அம்னோன், தன் மாற்றாந்தாயின் மகளான தங்கை தாமாரைப் பலாத்காரம் செய்யும் கதை. இப்படி ஒரு கதை பைபிளில் இருக்கிறதா என்ற அதிர்ச்சியில்தான் பல பெண்களுக்கு வாசிப்பே தொடங்கும்.

மூன்றாவது கேள்விக்கு வரும்போது கூட்டத்தின் குரல் மாறும். தாமாருக்கு நடந்ததில் கதையில் வரும் ஒவ்வொரு ஆணின் பங்கு என்ன? முதலில் எல்லோரும் அம்னோன் என்பார்கள். பிறகு, யோசனை சொல்லிக் கொடுத்த சிநேகிதன் யோனதாப். நோயாளிபோல் நடித்த மகன் கேட்டதும், ஏன் எதற்கு என்று விசாரிக்காமல், “போய் உன் அண்ணனுக்குச் சமைத்துப் போடு” என்று பெண்ணை அனுப்பிவைத்த அப்பா தாவீது. எல்லோரும் வெளியே போங்கள் என்றதும் வாய் திறக்காமல் வெளியேறிய ஆட்கள். எல்லாம் முடிந்தபின் அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்ட வேலைக்காரன். அவன் உன் சகோதரன், பேசாதிரு என்று வாயை மூடிய அப்சலோம். கடைசியில் மறுபடி தாவீது: கோபம் வந்தது, ஒன்றும் செய்யவில்லை. சார்ட் நிறைந்துவிடும். ஒருவன் செய்த குற்றம் என்று பார்த்தது ஒரு வீடே சேர்ந்து நடத்தியதாகத் தெரியும்போது, யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது தாமார் என்ன செய்தாள் என்ற கேள்வி. வேண்டாம் என்றாள். இஸ்ரவேலில் இப்படிச் செய்வதில்லை என்று ஊர் நியாயம் பேசினாள். என் அவமானத்தோடு நான் எங்கே போவேன், உன் கதியும் என்னாகும் என்று அவனுக்கும் சேர்த்து யோசித்தாள். தள்ளிவிடப்பட்ட பிறகு வீட்டுக்குள் பதுங்கவில்லை. உடையைக் கிழித்து, தலையில் சாம்பல் போட்டு, தெருவில் சத்தமிட்டு அழுதுகொண்டு போனாள். பொறுத்துப் போ என்று சபையிலும் வீட்டிலும் கேட்டுப் பழகிய பெண்களுக்கு இது புது வேதம். ‘நம்மிடையே தாமார்கள் உண்டா?’ என்ற கேள்வி வரும்போது, ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் சிறு குழுக்களாகப் பிரிந்திருப்பது நல்லது என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள். அங்கே வெளிவருவது வசன விளக்கம் அல்ல. அதைத் தாங்க, ஆலோசனை சொல்லத் தெரிந்தவர்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் கூட்டம் நடத்தக் கூடாது என்பது விதியானது.

ஒரு வேதபாடமாகத் தொடங்கியது சில வருஷங்களில் தாமார் இயக்கம் ஆனது. அதை வளர்த்தவர்களில் பூம்ஸிலே சோண்டி-மாபிஸேலா முக்கியமானவர். 2005-இல் கென்யாவில் சபைகளின் கூட்டமைப்பு அதைத் தன் இயக்கமாக எடுத்துக்கொண்டது. கூடவே ஒரு கேள்வி எழுந்தது: தாமாரைப் படித்தாயிற்று, அம்னோனை யார் படிப்பது? அரசகுமாரன், ஒரு குறையுமில்லாதவன், ஆசைப்பட்டது கிடைக்காததால் மெலிந்துபோகிறான். அவனை அப்படி வளர்த்தது எது? ஆண்மை என்று நமக்கு யார் என்ன கற்றுக்கொடுத்தார்கள்? அதே அதிகாரத்தின் முதல் சில வசனங்களை வைத்து ஆண்களுக்கென்று தனி வாசிப்பு உருவானது. இன்றைய தேதிக்கு எனக்கு இதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. பெண்களைக் கூட்டி வைத்துப் பெண்கள் மீதான வன்முறை பற்றிப் பேசுவது எளிது.

எச்.ஐ.வி. காலத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் அந்தப் பைபிள் படிப்பு நிறுவனம் உஜமா மையம் என்ற பெயரில் இன்னொரு வேலையில் இறங்கியது. நோயாளிகளுக்குச் சபைகள் கொடுத்தது பெரும்பாலும் பழிச்சொல்தான். அடக்க ஆராதனைகளில் யோபு முதல் அதிகாரம், கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று வாசிக்கப்படும். செத்தவர் வாய் திறக்க முடியாது, குடும்பத்தார் தலைகுனிந்து கேட்க வேண்டும். போங்கி ஸெங்கேலே வளர்த்த சியாபிலா ஆதரவுக் குழுக்களில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் யோபு மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். பொறுமைக்குப் பேர்போன யோபு அங்கே தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். கடவுளிடம் கோபப்படலாம், அதுவும் வேதத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி. தங்கள் சொந்த யோபு மூன்றை அவர்கள் எழுதினார்கள்.

இதெல்லாம் கேள்வி தயாரிக்கிறவரின் கைவேலைதானே, கேள்வியிலேயே பதிலை ஒளித்து வைத்துவிட்டு மக்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லலாமா என்று சில அறிஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கேள்விகளை எழுதுகிறவர்கள் படித்தவர்கள்தான் என்பதை வெஸ்ட் மறைக்கவில்லை. பேராசிரியருக்கு ஒரு பங்கு உண்டு, அது எங்கே நிற்கிறது என்பதுதான் சண்டை என்பது அவர் தரப்பு. கேள்வியைக்கூட ஊர் ஜனமே எழுதட்டும் என்று விட்டவர்களும் இருந்தார்கள். அப்படி ஒருவரைப் பார்க்க அடுத்த வாரம் நிகராகுவா ஏரியின் தென்கோடித் தீவுகளுக்குப் போவோம். அங்கே ஒரு கவிஞர், குருவாக வந்து, ஞாயிறு பிரசங்கத்தையே நிறுத்திவிட்டார். 1977-இல் ராணுவம் அந்த ஊரை அழித்தது.

(தொடரும்)